பிருதிவிராஜன்: வரலாறும் காப்பியமும்

புலவர்களால் பாடப்பெறும் மன்னர்கள் எல்லாரும் வெற்றி பெற்ற மன்னர்கள் அல்லர். மூவேந்தரும் முற்றுகையிட, பறம்புமலையை இழந்து மாண்ட பாரி தமிழ் உள்ளவரை வாழ்கிறான். அவனை வென்றவர்களின் பெயரைக் கேட்டால் நம் மாணவர்கள் சற்றுத் தயங்கித்தான் விடை கூறுவார்கள். தோல்வியுற்றவனுக்காக இரங்குவதும், அவனைப் பாட்டிலே வாழவைப்பதும் மனித இயல்பு. வடஇந்தியாவில் அவ்வாறு பாட்டிலே வாழ்கின்றவன் சௌகான் மரபில் வந்த பிருதிவிராஜன்.

தமிழர்களாகிய நமக்கும் அவன் புதியவன் அல்லன். எம்.ஜி.ஆரும் பத்மினியும் நடித்து 1962ஆம் ஆண்டு வெளிவந்த 'ராணி சம்யுக்தா' திரைப்படத்தின் வழியே அவன் நம்மவர் பலருக்கு அறிமுகமானான். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி அப்படத்தைக் காட்டினார்கள். சிலைக்கு மாலையிட்ட இளவரசியைக் குதிரையிலேற்றிச் செல்லும் வீரனைக் கண்டு நாங்கள் கைதட்டி ஆரவாரித்தோம். பின்னாளில் ஆசிரியரானதும் அக்கதையை வகுப்பிலே சொன்னேன். கதையாகச் சொல்லியிருந்தால் குற்றமில்லை. வரலாறு என்று சொன்னேன். அந்தப் பிழையே இக்கட்டுரைக்கு வித்து.

பிருதிவிராஜனைப் பற்றி வழங்கும் பெருங்காப்பியம் 'பிருதிவிராஜ ராசோ'. அதனை எவ்வாறு படிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வரலாறு காட்டும் மன்னன்

சாம்பர் ஏரியைச் சூழ்ந்த நிலப்பகுதியை ஆண்டு, அஜ்மீரைத் தலைநகராகக் கொண்டது சாகமான மரபு. சௌகான் என்பது அதன் மக்கள் வழக்கு. அம்மரபில் மூன்றாம் பிருதிவிராஜன், சோமேசுவரனுக்கும் கற்பூரதேவிக்கும் மகனாக ஏறத்தாழ 1166இல் பிறந்தான். 1177ஐ ஒட்டித் தந்தை இறக்கவே, பதினோரு வயதளவில் அரியணை ஏறினான். தாய் கற்பூரதேவி ஆட்சிப் பொறுப்பை ஏற்க, கதம்பவாசன் என்னும் அமைச்சன் துணைநின்றான்.

இவ்விளமைக் காலத்தைக் கூறும் நூல் 'பிருதிவிராஜ விஜயம்' என்னும் வடமொழிக் காப்பியம். இதனை இயற்றியவர் மன்னனின் அவையில் இருந்த காஷ்மீரப் புலவர் ஜயானகர் என்பர். ஜெர்மானிய அறிஞர் பூலர் 1875இல் காஷ்மீரத்தில் ஏடு தேடியபோது, பூர்ச்சமரப் பட்டையில் எழுதிய இதன் படி ஒன்று கிடைத்தது. அது சிதைந்த ஏடு. இறுதிப் பகுதி இல்லை. எனினும் மன்னன் வாழ்ந்த காலத்திலேயே எழுந்த நூல் என்பதால் ஆய்வாளர் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர். அதில் வரும் பெயர்களும் மரபுவழியும் கல்வெட்டுகளோடு ஒத்துச்செல்கின்றன.

அந்நூல் கூறும் ஒரு நிகழ்ச்சி நம் கவனத்துக்குரியது. 1178இல் முகம்மது கோரி குஜராத்தின்மீது படையெடுத்துச் சென்றான். இளைய மன்னன் அவனை எதிர்த்துப் புறப்படத் துடிக்கிறான். அமைச்சன் கதம்பவாசனோ, திலோத்தமைக்காகத் தம்முள் போரிட்டு மடிந்த சுந்தன், உபசுந்தன் என்னும் அசுரர் கதையை எடுத்துக்காட்டி, பகைவர் இருவரும் தாமே மோதி அழியட்டும் என்று தடுக்கிறான். குஜராத்தை ஆண்ட சாளுக்கியரும் அன்று சௌகான்களுக்குப் பகைவர். இவ்வொரு காட்சி அக்கால அரசியலை விளக்கப் போதுமானது. அயலான் என்றும் அண்டையான் என்றும் அவர்கள் வேறுபாடு கருதவில்லை. பகைவன் என்ற ஒன்றையே கருதினார்கள். அப்போரில் குஜராத் வென்றது; கோரி தோற்றுத் திரும்பினான்.

பிருதிவிராஜன் 1182ஐ ஒட்டிச் சந்தேல மன்னன் பரமார்த்தியின் நாட்டைத் தாக்கினான். மதன்பூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. பின்னர் 1191இல் தராயின் களத்தில் கோரியை எதிர்கொண்டான். இப்போரைப் பாரசீக மொழியில் எழுதிய மின்ஹாஜ் என்னும் வரலாற்றாசிரியர், தம் பக்கத் தோல்வியை மறைக்காமல் கூறுகிறார். தில்லித் தலைவன் கோவிந்தராயன் யானைமீதிருந்து போரிட்டான். சுல்தானின் ஈட்டி அவன் வாயில் பாய்ந்து பற்களை உடைத்தது. கோவிந்தராயன் எறிந்த வேலோ சுல்தானின் கையில் ஆழப் பாய்ந்தது. குதிரையிலிருந்து சாய இருந்தவனைக் கில்ஜி இளைஞன் ஒருவன் தாங்கிப் பிடித்துக் களத்திலிருந்து மீட்டான்.

மறு ஆண்டு, 1192இல், கோரி மீண்டும் வந்தான். பத்தாயிரவராகப் பிரிந்த குதிரை வில்லாளர்கள் நாற்புறமும் சூழ்ந்து, நெருங்காமலும் விலகாமலும் அம்பு தொடுத்து எதிரிப் படையைக் களைப்புறச் செய்தார்கள். பிருதிவிராஜன் தோற்றான். களத்தில் கிடந்த கோவிந்தராயனின் உடலை, முன்போரில் உடைந்த பற்களைக் கொண்டு சுல்தான் அடையாளம் கண்டான் என்கிறார் மின்ஹாஜ்.

மன்னனின் முடிவு என்ன? யானையை விட்டுக் குதிரையேறிச் செல்லும் வழியில் சரசுதி என்னுமிடத்தருகே பிடிபட்டுக் கொல்லப்பட்டான் என்பது மின்ஹாஜ் கூற்று. அவருக்கு முற்பட்ட ஹசன் நிஜாமியோ, மன்னன் சிறைப்பட்டு அஜ்மீருக்குக் கொண்டுசெல்லப்பட்டான், முதலில் உயிர்ப்பிச்சை பெற்றான், பின் சூழ்ச்சி செய்ததாகக் கண்டு வாளுக்கு இரையாக்கப்பட்டான் என்கிறார். ஒருபுறம் பிருதிவிராஜன் பெயரும் மறுபுறம் முகம்மது சாம் பெயரும் பொறித்த காசு ஒன்றை இதற்குத் துணையாகக் காட்டுவர். எப்படியாயினும், இறந்தபோது அம்மன்னனுக்கு வயது ஏறத்தாழ இருபத்தாறு. இவ்வளவுதான் வரலாறு.

ராசோ படைக்கும் தலைவன்

இனிக் காப்பியத்தைக் காண்போம். ராசோவை இயற்றியவர் சந்த் பர்தாயி என்பது மரபு. அவர் மன்னனின் அவைப்புலவர், உயிர்த்தோழர். இருவரும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் இறந்தவர்கள் என்பர்.

காப்பியத்தின் கதை பின்வருமாறு: தில்லி மன்னன் அனங்கபாலனுக்கு ஆண்மகவு இல்லை. அவன் மகள் வயிற்றுப் பேரனாகிய பிருதிவிராஜன் தில்லியைப் பெறுகிறான். இதனால் கன்னோசி மன்னன் ஜயச்சந்திரன் அழுக்காறு கொள்கிறான். அவன் தன் மகள் சம்யுக்தைக்குச் சுயம்வரம் வகுத்து, பிருதிவிராஜனை இழிவுபடுத்த அவன் உருவச்சிலையை வாயிலிலே காவலன்போல் நிறுத்துகிறான். சம்யுக்தையோ அச்சிலைக்கே மாலையிடுகிறாள். மாறுவேடத்தில் வந்திருந்த பிருதிவிராஜன் அவளைக் கவர்ந்து செல்கிறான். தொடர்ந்து துரத்திய படையைத் தடுத்துத் தளபதியர் ஒருவர்பின் ஒருவராக உயிர்கொடுக்கின்றனர். தில்லியடைந்த மன்னன் காதலிலே ஆழ்ந்து ஆட்சியை மறக்கிறான். கோரி வருகிறான், மன்னன் சிறைப்படுகிறான், கஜினியில் அவன் கண்கள் பறிக்கப்படுகின்றன. சந்த் அங்கே சென்று, ஒலி கேட்டு இலக்கு எய்யும் தன் மன்னனின் ஆற்றலைச் சுல்தானிடம் புகழ்கிறான். விற்போட்டி நடக்கிறது. சுல்தான் இருக்கும் இடத்தைச் செய்யுளால் குறிப்பிக்க, சுல்தானின் குரல் வந்த திசைநோக்கி மன்னன் அம்பு விடுகிறான். சுல்தான் வீழ்கிறான். பின் நண்பர் இருவரும் தம் உயிரைத் தாமே முடித்துக்கொள்கின்றனர்.

கேட்கும்போதே நெஞ்சம் நிறைகிறது. காப்பியச் சுவை என்பது இதுவே. தலைவனுக்குப் பிழையும் வைத்து, அப்பிழைக்குத் தண்டனையும் வைத்து, இறுதியில் ஈடேற்றமும் வைத்த புலவனின் கட்டமைப்பு பாராட்டத்தக்கது.

ஆய்வாளர் தீர்ப்பு

ஜேம்ஸ் டாட் என்னும் ஆங்கில அதிகாரி ராஜஸ்தான் வரலாற்றை 1829லும் 1832லும் இரு தொகுதிகளாக வெளியிட்டபோது, ராசோவைப் பெரிதும் நம்பி எழுதினார். வங்காளத்து ஆசியக் கழகம் ராசோவைப் பதிப்பிக்கவும் தொடங்கியது. 1886இல் மேவாரைச் சேர்ந்த கவிராஜர் சியாமளதாசர், அக்கழகத்தின் இதழிலேயே ராசோவின் நம்பகத்தன்மையை மறுத்தார். அவர் அயலவர் அல்லர். இராஜபுத்திர அரசவைப் புலவர் மரபிலே வந்தவர். தம் மரபின் பெருமைக்குரிய நூலைத் தாமே உரைத்துப் பார்த்த அவருடைய நேர்மை வணங்கத்தக்கது. பூலர் 1893இல் விஜயத்தின் சான்றுகளைக் காட்டிக் கழகத்துக்கு எழுத, அப்பதிப்பு நின்றது.

அவர்கள் கண்ட முரண்களுட் சில: ராசோ மன்னனின் தாயை அனங்கபாலன் மகள் என்கிறது, விஜயமோ கற்பூரதேவி என்கிறது. தில்லி பாட்டன் தந்த கொடை அன்று. பெரிய தந்தை நான்காம் விக்கிரகராஜன் வென்றது என்பதை 1170ஆம் ஆண்டுப் பிஜோலியாக் கல்வெட்டு உணர்த்துகிறது. மன்னனின் தமக்கை கணவனாகிய மேவாரின் சமரசிங்கன் இரண்டாம் தராயின் போரில் மாண்டான் என்கிறது ராசோ; அவன் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டவன். குஜராத்தின் வீமதேவனைப் பிருதிவிராஜன் கொன்றான் என்கிறது. அவனோ 1192க்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். எல்லாவற்றினும் மேலாக, கோரி கஜினியில் பிருதிவிராஜன் அம்புக்கு இரையாகவில்லை. 1206இல் சிந்து நதிப்பகுதியில் தாமியக் என்னுமிடத்தில் தன் பாசறையிலே கொலையுண்டான்.

காப்பியத்துக்குள்ளேயே ஒரு வினாவும் எழுகிறது. புலவன் கஜினியில் மாண்டான் எனில், அவன் மாண்டதைப் பாடியவர் யார்? மகன் ஜல்கணனிடம் நூலை ஒப்படைத்துச் சென்றான், அவன் பாடி முடித்தான் என்று மரபு விடை கூறுகிறது. நூல் ஒருவர் கைப்பட்டதன்று என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது என்று இதனைக் கொள்ளலாம்.

அங்ஙனமாயின் ராசோ முழுதும் போலியோ? அவ்வாறும் கூறுவதற்கில்லை. முனி ஜினவிஜயர் 1936இல் பதிப்பித்த 'புராதனப் பிரபந்தத் தொகுப்பு' என்னும் சமண நூலில், சந்த் பெயரால் சில பழைய அபப்பிரம்சச் செய்யுள்கள் உள்ளன. அவற்றுட் பல, மொழி மாறி, இன்றைய ராசோவிலும் காணப்படுகின்றன. சிறியதும் பெரியதுமாக நான்கு வடிவங்களில் ராசோ வழங்குகிறது. மிகப் பெரிய வடிவம் ஏறத்தாழ 16,000 செய்யுட்கள் கொண்டது. சிறு ஊற்றாகத் தொடங்கிய பாட்டு, பாணர் பலரின் நாவிலே நூற்றாண்டுதோறும் பெருகி ஆறாயிற்று எனக் கொள்வதே பொருந்தும்.

ஓர் அம்பின் பயணம்

இடைச்செருகல் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஏன் செருகினார்கள் என்று கேட்பதே திறனாய்வாளன் கடமை. இறுதிக் காட்சியில் வரும் அம்பையே எடுத்துக்கொள்வோம்.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நயசந்திர சூரியின் 'ஹம்மீர மகாகாவியம்', சிறைப்பட்ட மன்னன் உணவு மறுத்து உயிர்நீத்தான் என்று முடிக்கிறது. அங்கே அம்பு இல்லை. மேற்சொன்ன சமணத் தொகுப்பிலே அம்பு தோன்றுகிறது. ஆனால் இலக்கை அடையவில்லை. சிறையிலிருந்த மன்னன், சுல்தானைக் கொல்ல வில்லும் அம்பும் வேண்டுமெனத் தன் அமைச்சனிடம் கேட்கிறான். அவ்வமைச்சன் வஞ்சகன்; சுல்தானிடம் சொல்லிவிடுகிறான். சுல்தான் அமரும் இடத்தில் இரும்புப் பாவை ஒன்றை வைத்துவிடுகிறார்கள். மன்னன் அம்பு அப்பாவையை இரண்டாகப் பிளக்கிறது. எடுத்த செயல் முடியவில்லை என்று உணர்ந்து மன்னன் வில்லை எறிகிறான். பின் கல்லால் எறியப்பட்டு மாள்கிறான்.

அதன்பின் வந்த ராசோவில் பாவை மறைகிறது. அவ்விடத்தில் சுல்தானே அமர்கிறான். வஞ்சக அமைச்சன் மறைகிறான். அவ்விடத்தில் உயிர்த்தோழனான புலவன் நிற்கிறான். தப்பிய அம்பு தைக்கிறது. வென்ற போர்களின் எண்ணிக்கையும் இவ்வாறே வளர்ந்தது. வரலாற்றில் ஒருமுறை தோற்ற கோரி, ஹம்மீர மகாகாவியத்தில் ஏழுமுறை தோற்கிறான். பிரபந்தகோசத்தில் இருபதுமுறை சிறைப்படுகிறான். ராசோ இருபத்தொரு போர்களை எண்ணுகிறது.

இதனைப் பொய் என்று மட்டும் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தோல்வியை ஏற்க முடியாத ஒரு சமுதாயம், தன் துயரத்துக்கு மருந்தாக இரும்புப் பாவையை எடுத்துவிட்டுச் சுல்தானை அங்கே அமரவைத்தது. அந்த ஏக்கம் உண்மையானது. அந்த ஏக்கத்தின் வரலாறாகப் படித்தால் ராசோ உண்மை நூலே. பிருதிவிராஜனின் வரலாறாகப் படித்தால்தான் அது பிழைபடுகிறது.

சம்யுக்தையையும் இவ்வாறே நோக்கலாம். ஹம்மீர மகாகாவியம் அவளை அறியாது. விஜயத்தில், கங்கைக்கரையில் திலோத்தமையின் மறுபிறப்பாகத் தோன்றும் ஒருத்திமீது மன்னன் காதல்கொள்ளும் இடத்தில் ஏடு முறிந்துவிடுகிறது. 16ஆம் நூற்றாண்டு 'சுர்ஜன சரித'த்தில் கன்னோசி இளவரசி ஒருத்தி வருகிறாள். ஆனால் அவள் பெயர் காந்திமதி. இவற்றை இணைத்து அவள் வாழ்ந்தவளே என்பாரும் உளர். கற்பனையே என்பாரும் உளர். முறிந்த ஏட்டின் விளிம்பிலே அவள் நிற்கிறாள்.

பழி சுமந்தவன்

இதுவரை சொன்னவை எவருக்கும் தீங்கிழைக்காத கற்பனைகள். ஆனால் காப்பிய மரபு ஒருவனுக்குப் பெருந்தீங்கு செய்துவிட்டது. அவன் ஜயச்சந்திரன்.

தலைவன் வீரத்தில் குறைந்தவன் அல்லன் எனில், அவன் ஏன் தோற்றான்? இவ்வினாவுக்கு விடை வேண்டும். எவனோ காட்டிக்கொடுத்தான் என்பதே மக்களுக்கு எளிதாகக் கிடைக்கும் விடை. மருமகனை அழிக்கக் கோரியை அழைத்தவன் ஜயச்சந்திரன் என்று கதை வளர்ந்தது. தமிழில் எட்டப்பன் என்ற பெயர் எப்பொருளில் வழங்குகிறதோ, அப்பொருளில் இந்தியில் 'ஜெய்சந்த்' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் அக்காலத்துச் சான்று எதுவும் அவன் அழைத்ததாகக் கூறவில்லை. வரலாறு கூறுவது வேறு. 1194இல் சந்தவார் என்னும் களத்தில் அதே கோரியின் படையை எதிர்த்துப் போரிட்டு, அக்களத்திலேயே உயிர்விட்டவன் ஜயச்சந்திரன். எதிரியோடு போரிட்டு மாண்டவன் எதிரிக்குத் துணைபோனவன் என்று எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் இகழப்படுகிறான்.

இங்கே இன்னொரு பாட்டையும் நினைவுகூர வேண்டும். புந்தேல்கண்டுப் பகுதியில் ஆல்கா, ஊதல் என்னும் வீரர் இருவரைப் பற்றிய கதைப்பாடலை இன்றும் பாடுகின்றனர். மகோபா நகரைக் காக்கப் போரிட்ட அவ்வீரர்களின் கதையில் பகைவன் யார்? நம் பிருதிவிராஜனே. அஜ்மீரின் காவலன் மகோபாவிலே படையெடுப்பாளன். இதனைக் கல்வெட்டும் உறுதிசெய்கிறது. ஒரு பாட்டை மட்டும் கேட்டவன் மன்னனைத் தெய்வமாக்குவான். இரண்டையும் கேட்டவனே அவனை மனிதனாகக் காண்பான்.

வகுப்பறையிலே

நான் முன்னே சொன்ன பிழைக்கு வருகிறேன். ஆசிரியப் பணியேற்ற சில ஆண்டுகளில், கஜினி அம்பின் கதையை ஆறாம் ஆண்டு வகுப்பில் மெய்சிலிர்க்கச் சொல்லிமுடித்தேன். மறுநாள் ஒரு மாணவி நூலகப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, "ஐயா, சுல்தான் 1206இல் இறந்ததாக இதில் போட்டிருக்கிறது. மன்னர் 1192இலேயே இறந்துவிட்டாரே, எப்படிக் கொன்றார்?" என்று கேட்டாள். "கதைக்குள் கணக்குப் பார்க்காதே, அம்மா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் மீண்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னாளில் விஜயத்தைப் பற்றியும் சியாமளதாசரைப் பற்றியும் படித்தபோது, அக்குழந்தை கேட்டதையே அறிஞர்களும் கேட்டார்கள் என்று அறிந்து வெட்கினேன்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது கடினமன்று. "நீ சொல்வது சரி, அப்படியானால் மக்கள் ஏன் இப்படிப் பாடினார்கள்?" என்று வகுப்பையே கேட்டிருக்கலாம். இலக்கியப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கலிங்கத்துப் பரணியில் பேய்கள் கூழ் சமைப்பதைப் படித்து, களத்திலே பேய் அடுப்பு மூட்டியதா என்று நாம் ஐயுறுவதில்லை. கலிங்கப்போர் நடக்கவில்லை என்றும் சொல்வதில்லை. நடந்த போரையும் பாடிய கற்பனையையும் தத்தம் இடத்தில் வைத்துச் சுவைக்கிறோம். அந்தத் தெளிவை ராசோவுக்கும் நல்கினால் போதும். அந்தத் தெளிவில்லாதபோது, பழம்பாட்டின் பகை இன்றைய அண்டை வீட்டாரின்மேல் பாய்கிறது. பல சமயத்தார் ஒரே பள்ளியிலும் ஒரே தெருவிலும் வாழும் நாட்டில் ஆசிரியர்கள் இதனை மறத்தல் ஆகாது.

ஆசிரிய நண்பர்களே, ராசோவின் கதையை மாணவர்க்குச் சொல்லுங்கள். சிலைக்கு இட்ட மாலையையும், இருளிலே பறந்த அம்பையும் மறைக்க வேண்டா. அவற்றின் அருகிலேயே உடைந்த பற்களோடு களத்தில் கிடந்த கோவிந்தராயனையும், மகோபாவின் வீரர்களையும், சந்தவாரில் மாண்ட ஜயச்சந்திரனையும் நிறுத்துங்கள். மாணவன் எழுந்து கேள்வி கேட்டால் அமரச் சொல்லாதீர்கள்.

எங்கோ நடுத்தர வயதை எட்டியிருக்கும் அந்த மாணவி இத்தொகுப்பைப் படிக்க நேர்ந்தால், அவள் கேட்ட கேள்விக்கு இக்கட்டுரையை என் விடையாக ஏற்பாளாக.